அடுத்த ஷிஃப்டுக்கு

என் மனைவி ரோசம்மாவை வேலையிலிருந்து தூக்கிய கம்பெனி, அவளாகவே விட்டுப் போய்விட்டாள் என்று தொழிலாளர் நல அரசு அமைப்பான சொக்சோவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஃபாக்டரியில் பதினேழு வருஷம் உழைத்தவளுக்கு ஒரு கடிதம்கூடக் கொடுக்கவில்லை. தபாலில் வரும் என்றார்கள். இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

வேலையிழந்தவர்களுக்கு சொக்சோ சில மாதங்கள் பணம் தரும். தானாக விட்டவர்களுக்குத் தராது. அந்தப் பணம் வந்தால் ரோசம்மா நிதானமாக வேறு வேலை தேடலாம். வராவிட்டால், பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும் எங்கள் மகள் கிறிஸ்டல் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். பெற்றவன் சும்மா இருப்பேனா?

திங்கட்கிழமை காலை சொக்சோவில் நேர்காணல். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை ஆரம்பித்தது. அதிகாரி நான்தான். இருபது வருஷம் லாரி ஓட்டியவன், எத்தனை அதிகாரிகளைப் பார்த்திருப்பேன்! மலாயில் அம்மணிகளைக் கூப்பிடுவதுபோல 'புவான்' என்றே ஆரம்பித்தேன்.

"சொல்லுங்க புவான், ஏன் வேலைய விட்டீங்க?"

"நான் விடல. நிறுத்திட்டாங்க."

"அவ்வளவுதானா? என்ன அநியாயம் பண்ணாங்கன்னு சொல்லு லா!"

"ஆர்டர் இல்லன்னாங்க. அது நெசந்தானே. நாலு லைன்ல ரெண்டு லைன் மூடியாச்சி."

யார் பக்கம் பேசுகிறாள் பாருங்கள்! கொஞ்சம் அழுதால் நல்லது என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்கே அழவில்லை, நாளைக்கு எதற்கு அழ வேண்டும் என்றாள். எனக்குத் தலை சூடானது.

"சரி. அன்னிக்கி நடந்தத ஒண்ணொண்ணா சொல்லு. எத்தன மணிக்குக் கூப்பிட்டாங்க?"

"ரெண்டு பத்துக்கு. மேனேஜர் ரூமுக்கு. இன்னையோட போதும்னாரு."

"அப்புறம்? கத்துனியா? கேள்வி கேட்டியா?"

"லைனுக்குப் போயி ஹேண்டோவர் எழுதினேன்."

ஹேண்டோவர் என்றால், ஷிஃப்ட் முடியும்போது இவளைப் போன்ற லைன் லீடர் அடுத்த ஷிஃப்டுக்கு எழுதி வைக்கும் பக்கம். எந்த மிஷின் தகராறு செய்கிறது, யார் லீவு, எல்லாம் அதில் இருக்கும். எழுதிய பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப் குரூப்பிலும் போட வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனுக்கு இவள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

"உனக்கு வெக்கமே இல்லையா? நான்லாம் லாரிய விட்டு எறங்குனா, சாவிய ஆணியில மாட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவேன். எனக்கப்புறம் ஓட்டுற ஹைதர் எனக்கு மாமனா மச்சானா?"

அதுவரை அமைதியாக இருந்தவள் சட்டென்று குரலை உயர்த்தினாள்.

"மூணு மணிக்கு வர்றது மேனேஜர் இல்லீங்க, அடுத்த ஷிஃப்ட் லீடர் குமுதா. நாலாம் நம்பர் மிஷின் கதவு தெறந்திருந்தாலும் நிக்காம ஓடுது. நான் எழுதாம போனா அவ கைய விட்டுருவா. இந்தாங்க, நீங்களே பாருங்க!"

போனை என் முன்னால் தள்ளினாள். குரூப்பிலிருந்து அன்றே அவளை நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் வந்தவை எல்லாம் அவள் போனிலேயே இருந்தன.

மலாயில், அவளுடைய குண்டு குண்டான எழுத்து. நாலாம் நம்பர் மிஷினில் கை வைக்காதே. புதிதாக வந்த பெண் இடதுகைக்காரி, அவளுக்கு ஓரத்து இடம் கொடு. டேப் இரண்டு பெட்டிதான் பாக்கி. கடைசி வரி: 'இன்றோடு என்னை நிறுத்திவிட்டதாக மேனேஜர் 2.10க்குச் சொன்னார். நாளையிலிருந்து சந்தேகம் என்றால் குமுதாவைக் கேளுங்கள்.'

அனுப்பிய நேரம் 2.41. அதற்குக் கீழே, தினமும் எல்லாவற்றுக்கும் போடுவதுபோல, மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். கூடவே, 'ஓகே, தேங்க்யூ.'

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தானாகப் போனாள் என்று எழுதிக் கொடுத்த அதே ஆள்! இது கையில் இருக்கும்போது நான் இவளுக்கு அழக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன், ஆனால் அன்றைக்குத்தான் அவளைச் சரியாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

"என்ன பாக்குறீங்க? ஒத்திகை முடிஞ்சிதா? கறி அடுப்புல இருக்கு," என்றாள்.

மறுநாள் எங்களை உட்காரவைத்த அதிகாரியின் பெயர் ஹஸ்ருல். போனில் இருந்த அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் ஏன் எழுதினீர்கள்?"

நாங்கள் ஒத்திகை பார்த்த முப்பது கேள்விகளில் இது இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் ரோசம்மா சொல்லிவிட்டாள்.

"அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வருவாங்களே, துவான்."

அவர் அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். கம்பெனியிடம் தானே விசாரிப்பதாகவும் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து, பிறை என்ற ஊரிலுள்ள எங்கள் யார்டில் லாரியை நிறுத்தும்போது ரோசம்மாவின் செய்தி வந்தது. பணம் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டார்களாம். கிறிஸ்டல் காலேஜ் பையை மறுபடியும் அடுக்கிக்கொண்டிருக்கிறாளாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மோட்டார் சைக்கிள் வரைக்கும் போய்விட்டேன்.

பிறகு திரும்பி வந்தேன். ஒரு அட்டையைக் கிழித்து எழுதினேன்: 'ஹைதர் அண்ணே, மூணு நாளா பிரேக் இடது பக்கம் இழுக்குது. வொர்க்‌ஷாப்ல காட்டாம பாலத்துல ஏத்தாதீங்க.' அதைச் சாவியோடு சேர்த்துக் கட்டினேன்.

எட்டு வருஷமாக எனக்குப் பிறகு அந்த லாரியை எடுப்பவர் அவர்தான். நான் அவருக்கு எழுதிய முதல் வரி அது.