தெளிவில்லாத ஒரு வரி

வெம்பிளியில் முடிவெட்டும் கடையொன்றில் தன் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் சபாரத்தினம் அதை வாசித்தார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஒரு காலத்தில் லண்டன் தமிழர் வீடுகளில் காலை முழுக்க ஒலித்து, பிறகு மூடப்பட்டுப்போன வானொலி ஒன்றில் அவர் அறிவிப்பாளராக இருந்தவர். அதன் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி எடுத்து, கேட்டுக் கேட்டு எழுத்தாக்கி இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தாள் ஜதுர்ஷிகா என்றொரு இளம்பெண். அன்று போட்டிருந்தது அவரும் விஜயரத்தினமும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி. தாய் செத்தும் விசா இல்லாததால் ஊருக்குப் போக முடியாத ஒரு பெடியன் நேரலையில் அழைத்து, பேச்சு வராமல் அழுத நாள் அது.

"அழுங்கோ தம்பி. நாங்கள் பாட்டுப் போட மாட்டம். நீங்கள் முடிக்குமட்டும் இருப்பம்."

அந்த வரிக்கு முன்னால் விஜயரத்தினம் என்று பெயர் போட்டிருந்தாள். கீழே கருத்துகள் குவிந்து கிடந்தன. மனுசனெண்டால் இவர்தான் மனுசன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

சபாரத்தினத்துக்கு நெஞ்சு எரிந்தது. அது அவர் சொன்ன வரி. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! மனைவி கலாவதிகூட அவரைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்தும்போது அதைத்தான் சொல்லுவாள். இருவருடைய குரலும் ஒன்றுபோல என்று நேயர்கள் அப்போதே பகிடி பண்ணுவதுண்டு. குரல்தான் ஒன்று, பெயர் வாங்கியது எப்போதும் விஜயரத்தினம். பாராட்டு வந்தால் அவருக்கு, மேடையில் பொன்னாடை என்றாலும் முதலில் அவருக்கு. தனக்கென்று மிஞ்சியிருந்த ஒரு வரியும் போய்விட்டதே என்று நினைக்க, முடிவெட்ட மனமில்லாமல் எழுந்து வெளியே வந்து, விஜயரத்தினத்தை அழைத்தார்.

"அண்ணை, அந்தப் பெட்டை பிழையாப் போட்டிருக்கிறாள், பாத்தனீங்களோ?"

"ஓமடா சபா, மகள் வாசிச்சுக் காட்டினவள். எனக்கெண்டால் ஒண்டும் ஞாபகமில்லை. ஆர் சொன்னால் என்ன, அந்தப் பெடியன் ஆறினான்தானே?" விஜயரத்தினம் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. வயிறு நிறைந்தவன்தான் சோறு யாருக்குப் போனால் என்ன என்று கேட்பான்.

வானொலியின் பழைய முதலாளி லெஸ்லி இப்போது சவுத்தாலில் விமான டிக்கெட் விற்கும் கடை வைத்திருந்தார். சபாரத்தினம் நேரே அங்கே போனார்.

"உங்களிட்டைக் கேளாமல் ஒருத்தி எல்லாத்தையும் இணையத்தில போடுறாள். கொப்பிரைட் உங்களிட்டைத்தானே?"

"என்னட்டைத்தான். அவள் நல்ல வேலையெல்லே செய்யிறாள்?"

"இண்டைக்கு எழுத்து, நாளைக்குக் குரலையும் போடுவாள். பிறகு உங்களிட்டை என்ன மிஞ்சும்?"

லெஸ்லி தாடையைச் சொறிந்தார். "சரி, எடுக்கச் சொல்லி நீரே எழுதும். என்ர பேரைப் போடும்."

காப்புரிமை, அனுமதியின்மை, சட்ட நடவடிக்கை என்று தெரிந்த கனமான சொற்களையெல்லாம் போட்டு, பேச்சுக்கு முன்னாலுள்ள பெயர்களும் பிழை என்று சேர்த்து எழுதினார். அந்த வாரமே பக்கம் காணாமல் போனது. அது மட்டுமல்ல, ஜதுர்ஷிகா எழுத்தாக்கிய மற்ற நிகழ்ச்சிகளும் போயின. சபாரத்தினம் கைபேசியில் அந்த வெறுமையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். தனக்கில்லாதது இப்போது விஜயரத்தினத்துக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை கலாவதியை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்தபோது ஜதுர்ஷிகா அழைத்தாள்.

"சொறி அங்கிள், பேரை மாத்திப் போட்டனோ? லெஸ்லி அங்கிள்தான் உங்களோட கதைக்கச் சொன்னவர். நீங்கள் பிழையைத் திருத்தித் தந்தால் திரும்பப் போடலாமாம். அந்தத் துண்டை அனுப்புறன், கேட்டுச் சொல்லுறீங்களே?"

"அனுப்பும் பிள்ளை," என்றார். குரலில் வெற்றி தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

காதில் இயர்போனைச் செருகினார். பெடியனின் விம்மல். பிறகு ஒரு மூச்சு. விஜயரத்தினம் பேசத் தொடங்குமுன் மூக்கால் இழுக்கும் மூச்சு அது. பக்கத்துக் கதிரையில் இருந்து பழகியவருக்கு மட்டுமே தெரியும். அடுத்து, "அழுங்கோ தம்பி."

சபாரத்தினம் திருப்பிப் போட்டார். மூச்சுக்கு முன்னால் மைக்கை விட்டு விலகி ஒரு முணுமுணுப்பு இருந்தது. ஜதுர்ஷிகா அந்த இடத்தில் 'தெளிவில்லை' என்று எழுதி விட்டிருந்தாள். அவருக்கு நன்றாகவே கேட்டது.

"அண்ணை, நேரம் போகுது. பாட்டைப் போட்டு விடுவம்."

அது அவருடைய குரல்.

இன்னொரு தரம் போட்டார். எத்தனை தரம் போட்டாலும் அது வேறொருவருடைய குரலாக மாறவில்லை. அதற்குள் ஜதுர்ஷிகாவின் செய்தி வந்தது. 'கேட்டீங்களோ அங்கிள்? விஜயரத்தினம் அங்கிளிட்டையும் கேட்டனான். சபா சொன்னதெண்டே போடும் பிள்ளை எண்டிட்டார். போடட்டோ?'

விஜயரத்தினம் அந்த வரியைத் தன்னுடையதென்று பிடித்து இழுத்திருந்தால் பொறுத்திருக்கலாம். இப்படித் தூக்கிக் கொடுத்துவிட்டாரே. இதிலும் அவர்தான் மேலே. சபாரத்தினம் 'ஓம்' என்று எழுதி அழித்தார். திரும்பவும் எழுதினார். அனுப்பும் குறிக்கு மேலே பெருவிரல் நின்றது.

கார்க் கண்ணாடியில் தட்டும் சத்தம். மழையில் கலாவதி, அர்ச்சனைத் தட்டைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றாள். நெற்றித் திருநீறு கரைந்து மூக்கோரம் வழிந்தது. கதவைத் திறக்கச் சொல்கிறாள் போலும், வாய் அசைந்துகொண்டிருந்தது. அவருடைய காதுக்குள் பெடியன் இன்னும் அழுதுகொண்டிருந்தான்.