சின்னவளிடம் விட்டுப்போன வாக்கியம்

1

இந்தக் கதை மருத்துவமனை வரிசையில் என் காதில் விழுந்தது. முன்னால் நின்ற ஒருத்தி யாரிடமோ போனில் சொன்னாள்: "எனக்கு யாரும் வேணாம்டி. ஒரு நாள் முழுக்கத் தூங்க விட்டாப் போதும்." முகத்தைப் பார்ப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. எனக்கென்னவோ கதை கண்ணில் வராது, காதில்தான் வரும். காதல் நாவலாக எழுத உட்கார்ந்தேன். என் புத்தியைப் பாருங்கள், தூக்கம் கேட்டவளுக்கு மாப்பிள்ளை தேடியிருக்கிறேன்.

2

நிலவு பொழிந்த அந்த மாலையில் அவள்—

(வேண்டாம். அவளுக்கு வானத்தைப் பார்க்க ஏது நேரம்?)

அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் அக்காவும் தங்கையும். பெரியவள், சின்னவள். சின்னவளுக்கு முப்பது தாண்டிவிட்டது, ஆட்டிசம். விடியும் முன்பே எழுந்து வீடு முழுக்க நடப்பாள், அடுப்பைத் திருகுவாள். அதனால் பெரியவளும் எழுந்தாக வேண்டும். அப்புறம் நாள் முழுக்க, வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வரும் புகார்களை வீட்டிலிருந்தே போனில் கேட்கும் வேலை.

சின்னவளுக்குச் சொந்தப் பேச்சு குறைவு. கேட்டதைக் கேட்ட குரலிலேயே, என்றைக்கோ ஒருநாள் திருப்பிச் சொல்வாள்.*

* அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, துணி மடிக்கும்போது, அம்மாவின் குரலில் "சாப்டியாடி?" என்றாள். பெரியவள் மடித்த துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

3

சின்னவள் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தியதில் லிப்ட் நின்றுபோய், பழுதுபார்க்க ஒருவர் வந்தார்.

"யாரும்மா அது, எல்லா மாடிக்கும் டிக்கெட் எடுத்தது?"

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றாள் சின்னவள், அக்காவின் போன் குரலில்.

அவர் சிரித்தார். பெரியவளும் சிரித்தாள். அவளுக்கே அது புதுசாக இருந்தது.

[காதல் காட்சி எழுதும்போதெல்லாம் சின்னவளை எங்காவது அனுப்பிப் பார்த்தேன். சித்தப்பா வீட்டுக்கு. விடுதிக்கு. பாதி வசனத்தில் பெரியவள் எழுந்து, "அவ எங்க?" என்று என்னைக் கேட்பாள். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.]

4

லிப்ட்காரருக்கு வெளியூர் மாற்றல். சாயங்காலம் ரயில். பெரியவளைக் கல்யாணத்துக்கு இரண்டு முறை கேட்டாயிற்று. இதுதான் கடைசி, இனி தொல்லை பண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"போன்லயே கேட்டிருக்கலாமே?"

"போன்ல கேட்டா நீங்க வருத்தம் தெரிவிச்சிடுவீங்க."

"உக்காருங்க. இவளுக்குச் சாப்பாடு போட்டுட்டு வந்துடறேன்."

போட்டாள். சிந்தியதைத் துடைத்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நான் எழுதி வைத்திருந்த வசனம்: "உன் விழிகளில் நான்—"

அந்த விழிகள் மூடியிருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. கதாநாயகி தன் காதல் காட்சியில் தூங்கிவிட்டாள்.

5

எழுப்பலாம். எழுந்து சம்மதிக்கிறாள், சின்னவளை விடுதியில் (இல்லை). அவர் ரயிலைத் தவறவிடுகிறார், வேலையும் போகிறது; ஓய்ந்துபோனவர்கள் இப்போது ஒரு வீட்டில் இரண்டு பேர் (உங்களுக்குப் பிடிக்கும். அவளுக்கு?).

அவர் எழுப்பவில்லை. ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த சின்னவளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"ரெண்டு பேரும் வந்துடுங்க. காலையில அவளோட நான் எழுந்துக்கறேன். நீ தூங்கு."

பெரியவள் விழித்திருந்தவரை அவளை 'நீங்க' என்றே அழைத்தவர்.

சின்னவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் காஸ் சிலிண்டரை மூடினார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"கதவு மூடுகிறது" என்றாள் சின்னவள், லிப்ட்டின் குரலில்.

6

இனி அந்த வசனம் சின்னவள் வசம். இன்று விளக்குப் போடும்போது சொல்லலாம். தலை நரைத்த பிறகு ஒருநாள், துணி மடிக்கும்போது சொல்லலாம். எப்போது சொல்வாய் என்று கேட்டுப் பார்த்தேன்.

"தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

அந்த வாக்கியம் இப்போது உங்களுக்கும் தெரியும். போய்ப் பெரியவளிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள். ரயில் இன்னும் கிளம்பவில்லை. ஆனால் அவளை எழுப்பித்தான் சொல்ல வேண்டும்.