கப்பல்காரனுக்குச் சொன்ன மூன்று வசனம்

கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மஹ்ரூப்புக்கு முதலில் நம்ப முடியவில்லை. உயர்த்திப் பிடித்த தடியை இறக்காமல் அப்படியே நின்றான். இரண்டு ஆள் உயரத் தடி. நுனியில் பெரிய மீனைக் கொத்தித் தூக்கும் இரும்புக் கொக்கி. கொக்கியில் நிக்கொலஸின் சிவப்புச் சேர்ட். பள்ளிவாசல்துறைக் கடலில் எந்தப் படகில் தடியும் துணியும் உயர்ந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்: ஆபத்து, ஓடி வா. கண்டவன் போட்ட வலையை அறுத்துவிட்டாவது வருவான்.

இந்தக் கப்பலோ வந்த பாதையை விட்டு விலகி, பின்னால் வெள்ளை நுரை கிளம்ப ஓடியது.

“பேயக் கண்டவன் மாதிரி ஓடுறானே நானா!” என்றான் நிக்கொலஸ். சிலாபத்துக்காரன். மூத்தவன் மஹ்ரூப்பை அண்ணன் முறையில் நானா என்பான். செத்த வீட்டிலும் பகிடி விடுகிறவன். இப்போது அவன் குரலில் பகிடி இல்லை.

படகின் நிழல் விழுந்த மூலையில் கதிரவேலு கிடந்தான். உடப்புக்காரன். ஐந்து நாளுக்கு முன் திருக்கை முள் குத்திய கால், முழங்கால் வரை கறுத்து வீங்கியிருந்தது. காலையிலிருந்து காய்ச்சலில் பெண்சாதி ஞானேஸ்வரியின் பெயரைச் சொல்லிச் சொல்லி ஏதோ கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு டொக்டர் கண்ணில் படாவிட்டால் நாளைக்கு அவன் இல்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். கதிரவேலுவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

எஞ்சின் நின்று ஒன்பது நாள். முதல் நாள் அது இருமியபோதே, “கரைக்குத் திருப்புவம் நானா” என்று சொன்னவன் கதிரவேலு. “இன்னும் ஒரு வலை” என்று சொன்னவன் மஹ்ரூப். படகை ஓட்டுபவன் அவன். பேச்சு அவன் பேச்சு.

கிட்ட வரும் கப்பலுக்கு மட்டுமே எட்டும் வயர்லெஸ் செட் கரகரத்தது.

“ஃபிஷிங் போட்! ஸ்டே அவே! ஐ சீ கன்!”

மஹ்ரூப்புக்கு விளங்கிய ஒரே சொல் கடைசிச் சொல்: கன், துவக்கு. மன்னாரில் பிறந்து, புத்தளத்தில் அகதியாய் வளர்ந்து, முப்பது வருடச் சண்டையைப் பார்த்தவனுக்கு அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நிமிர்ந்து தன் கையைப் பார்த்தான். நீளத் தடி. இரும்புக் கொக்கி. சிவப்புத் துணி.

சோமாலியாக் கொள்ளைக்காரர்கள் மீன்படகில் வந்து, கொக்கி எறிந்து கப்பல் ஏறுகிறார்கள் என்று அந்த வருடம் ரேடியோ நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

“டேய், நம்மளக் கள்ளன் எண்டு நெனச்சிட்டான்டா!”

நிக்கொலஸ் செட்டைப் பறித்துச் சிங்களத்தில் கத்தினான். மஹ்ரூப் வாங்கித் தமிழில் கெஞ்சினான். பதிலுக்கு அதே கூச்சல்தான் வந்தது. செட்டின் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பெற்றறி சாகப் போகிறது. போனால் நாலைந்து நிமிடம் போகும்.

“இங்கிலீஸ்ல செல்லோணும்,” என்று சொன்னான் மஹ்ரூப்.

“நமக்கு எங்கால நானா இங்கிலீஸ்?”

மஹ்ரூப் பலகைக்கு அடியில் பாய்ந்தான். பையைக் கவிழ்த்தான். கொப்பி விழுந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் முஃப்லிஹாவின் கொப்பி. புறப்படும்போது பையில் திணித்துவிட்டாள். ஒரு தாளில் கோடு போட்டு மூன்று பத்தி. முதல் பத்தியில் ஆள்: ஐ, வீ, யூ, ஹீ. இரண்டாவதில் நடந்து முடிந்த காரியம்: வென்ட், புரோக், ஃபெல், டுக், பிட் என்று தாளின் அடிவரை. மூன்றாவதில் முடிச்சு: அன்ட், பட், பிகோஸ். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குண்டு எழுத்தில் தமிழ். “மூண்டையும் கோத்தா எந்தப் புதினத்தையும் செல்லலாம் வாப்பா. பத்து வசனம் எழுதிக்கொண்டு வாங்க, நான் மார்க்ஸ் போடுறன்.”

எஞ்சின் நிற்பதற்கு முன், பொழுதுபோகாமல் மூவரும் கோத்துப் பார்த்தார்கள். “ஹீ ஸ்லெப்ட் அன்ட் ஃபிஷ் வென்ட்” என்று நிக்கொலஸ் கதிரவேலுவைக் காட்டிச் சொல்ல, கதிரவேலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இப்போது மஹ்ரூப்பின் விரல் பத்திகளுக்கு மேல் ஓடியது. ஆள். காரியம். முடிச்சு.

“வீ வென்ட்... அன்ட்... எஞ்சின் புரோக்!”

செட் மூச்சுவிட்டது. யாரோ கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்தது கதிரவேலு. திருக்கைக்கு என்ன சொல்? கொப்பியில் இல்லை. முள்ளுக்கு? அதுவும் இல்லை. இருப்பதை வைத்துக் கட்டு!

“ஹீ ஃபெல் பிகோஸ் ஃபிஷ் பிட். ஹீ... ஹீ...” சாகப் போகிறான் என்று சொல்ல வேண்டும். பத்தியில் இருப்பதெல்லாம் முடிந்துபோன காரியங்கள். செத்தான் என்ற சொல்லும் இருந்தது, கடைசி வரியில். விரல் அதன்மேல் நின்றது. மஹ்ரூப் கொப்பியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான். அதைச் சொல்ல அவனால் முடியாது.

கப்பல் இன்னும் போய்க்கொண்டிருந்தது.

“தடி! தடியப் பத்திச் செல்லுங்க நானா!”

தேடினான். எடுத்தோம்: டுக். ஏன் எடுத்தோம்? மண்டை வெடித்தது. ஏன் எடுத்தோம்? எங்களைக் காணாமல் நீ உன்பாட்டில் போனாய், அதுதானே!

“வீ டுக் ஸ்டிக் பிகோஸ் யூ வென்ட்!” கத்தினான். “யூ வென்ட்! யூ வென்ட்!”

விளக்கு சிமிட்டியது. பிறகு அந்தக் குரல், கூச்சல் இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக:

“ஹவ் மெனி மென்?”

நிக்கொலஸ் மூன்று விரலைக் காட்டினான். “த்ரீ!” என்றான் மஹ்ரூப்.

“ஐ சீ டூ.”

அவ்வளவுதான். விளக்கு அணைந்தது. மஹ்ரூப் தட்டினான், குலுக்கினான், செட்டை நெற்றியில் வைத்து அழுத்தினான். ஒன்றும் வரவில்லை.

“மூண்டு எண்டம். அவனுக்கு ரெண்டுதான் தெரியிது,” என்றான் நிக்கொலஸ். “ஒருத்தன் துவக்கோட பதுங்கி இருக்கிறான் எண்டுதான் நினைப்பான். முடிஞ்சுது நானா.”

மஹ்ரூப் கப்பலைப் பார்த்தான். மேல்தட்டில் யாரோ தூரக்கண்ணாடி பிடித்துக்கொண்டிருப்பது வெயிலில் மின்னியது. பார்க்கிறான். இன்னும் பார்க்கிறான்! கையில் இருப்பது சுடுகருவியா என்று தெரியாதவன் முன்னால் என்ன செய்ய வேண்டும்? மதவாச்சிச் சோதனைச் சாவடியில் எத்தனை தரம் செய்தது! இந்தக் கரையில் தமிழ் பேசும் எவனுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“தடியை எறி!”

“நானா, இருக்கிறது ரெண்டே தடிதான்...”

“எறிடா! கப்பல்காரன் காணுற மாதிரி எறி!”

தடிகள் கடலில் விழுந்தன. கத்திகள் விழுந்தன. பிறகு இருவரும் ஓடிப்போய்க் கதிரவேலுவின் கக்கத்தில் கை கொடுத்தார்கள். தூக்கியதும் அவன் அலறிய அலறல் பலகையை அதிரவைத்தது.

“விடுங்க நானா... கால்... என்னை இப்பிடியே விட்டிடுங்க...”

“உட மாட்டன். இன்னம் ஒரு வலை எண்டு சென்னவன் நான்தான். உன்ன உட மாட்டன். கையத் தூக்கு.”

“ஏலாது.”

மஹ்ரூப் தன் வலது கையால் அவனது இடது கையைப் பிடித்து வானத்துக்குத் தூக்கினான். மற்றப் பக்கம் நிக்கொலஸ். ஆறு வெறுங்கைகளும் மேலே. நடுவில் தலை தொங்கிய கதிரவேலு, ஒற்றைக் காலில்.

ஒரு நிமிடம் போனது. கப்பல் போனது. இரண்டு நிமிடம். கதிரவேலுவின் உடம்பு அடுப்பாய்ச் சுட்டது.

“யா அல்லாஹ்,” என்றான் மஹ்ரூப்.

பூம் என்று ஒரு நீண்ட சத்தம் தண்ணீரின் மேல் உருண்டு வந்தது. கப்பலின் ஹோர்ன். பின்னால் கிளம்பிய நுரை மெலிந்தது. அந்தப் பெரிய இரும்பு மூக்கு, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், மெல்ல, மிக மெல்ல, இந்தப் பக்கம் வளைய ஆரம்பித்தது.

நிக்கொலஸ் விம்மிவிட்டான். “வாறான் நானா! கதிரவேலு, டேய், வாறான்டா!”

கதிரவேலுவின் கண் மூடியிருந்தது. ஆனால் மஹ்ரூப்பின் பிடிக்குள் இருந்த மணிக்கட்டில் நாடி ஓடியது. சின்னதாய், விட்டுவிட்டு.

கப்பல் வந்து சேர இன்னும் அரை மணிநேரமாவது ஆகும். மேலே தூரக்கண்ணாடி மின்னிக்கொண்டேயிருந்தது.

நிக்கொலஸின் கை தாழ்ந்தது.

“இறக்காத,” என்றான் மஹ்ரூப். “அவன் வந்து தொடும் வரைக்கும் இறக்காத.”

நாடியை எண்ணத் தொடங்கினான்.