சிவப்பு வட்டத்தின்மேல் இரண்டு கோட்

அந்த ஊரில் ராஜா போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் கட்டின கட்டிடங்களுக்குத்தான் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. கஜானாவில் பத்திரப் பதிவு நடக்கிறது. குதிரை லாயத்தில் டிரைவிங் லைசென்ஸ் தருகிறார்கள். சிம்மாசன மண்டபத்தில் மின்கட்டண வரிசையில் நிற்பவர்கள், ராஜா உட்கார்ந்த இடத்தில் நமக்கு ஒரு பெஞ்சாவது போடக்கூடாதா என்று முணுமுணுப்பார்கள். ராணி மாளிகைதான் அரசு மருத்துவமனை. அங்கே, அந்தக் காலத்தில் ராணி நகை மாற்றிய அறையில், ரெண்டு கோட்டின் ஒரே மகள் குடல்வால் வீங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

ரெண்டு கோட் என்பது பெயிண்டர் ஒருவருக்கு ஊர் வைத்த பெயர். எதைப் பார்த்தாலும் "இதுக்கு ரெண்டு கோட் அடிச்சாத்தான் நிக்கும்" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. போன மாதம் நகராட்சி பழைய நகரத்தை அழகுபடுத்தியபோது, அரண்மனை வட்டாரம் முழுக்க அவர் கைவண்ணம்தான். மதில், தூண், விளக்குக் கம்பம் எல்லாம் முடித்து, தரையில் கிடந்த தண்ணீர்க் குழாய் மூடிகளைக்கூட விடவில்லை மனுஷன்.

காலை எட்டு மணிக்கு டாக்டரம்மா வந்தார்.

"ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது. ஆனா ஆஸ்பத்திரியில சொட்டுத் தண்ணி இல்ல. லாரியும் மத்தியானம்தான் வருமாம். பத்து மணிக்குள்ள தண்ணி வரலைன்னா பக்கத்து ஊருக்கு அனுப்பிடுவேன். மூணு மணி நேரம் ஆகும். வழியில குடல்வால் வெடிச்சிட்டா ஆபத்து."

பெயிண்டர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுவரைப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே! இதுக்கும் ரெண்டு கோட் அடிக்கணுமா? கீழ போய் என்னன்னு கேளுங்க!" என்று மனைவி வெடித்தாள்.

முற்றத்தில் நகராட்சி வால்வுக்காரர் தண்ணீர்க் குழாய் மூடியைத் திறந்துவைத்து, நீளமான இரும்புச் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். புது நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்றாம் நாள். குழாய் ரிப்பேருக்காக நேற்று வால்வை அடைத்த பழைய ஆள் விடுப்பில் போய்விட்டார்; போனும் எடுக்கவில்லை.

"எப்பவும்போல இடதுபக்கம் திருப்புறேன். அசைய மாட்டேங்குது. யாரோ முன்னாடியே முழுசாத் திறந்துட்டாங்க போல. அப்ப குழாய்தான் அடைச்சிருக்கு. தோண்டணும், சாயங்காலம் ஆயிடும்."

சாயங்காலமா! பெயிண்டர் தலை குனிந்தார். பக்கத்தில் கிடந்த மூடி கண்ணில் பட்டது. கடப்பாரை பட்ட இடத்தில் அவர் அடித்த சாம்பல் நிறம் பெயர்ந்து, உள்ளே சிவப்பு தெரிந்தது.

அடடா! இந்த வட்டாரத்து மூடிகளில் மட்டும் சிவப்பாக ஒரு வட்டம் இருந்ததே. யாரோ வேலையத்தவன் கிறுக்கியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே அடித்து மறைத்திருந்தார். சிவப்பு லேசில் மறையாது என்று இரண்டாவது கோட் வேறு. சொன்னால் நகராட்சி இனிமேல் பிரஷ்ஷைத் தொட விடுமா? மேலே ஜன்னல் வழியாக மகள் முனகுவது கேட்டது.

"அண்ணே, இந்த மூடியில சிவப்பு வட்டம் ஒண்ணு இருந்துச்சு. நான்தான் பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டேன்."

வால்வுக்காரர் சாவியை விட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அட பாவி மனுஷா! சிவப்பு வட்டம் இருந்தா ராஜா காலத்து வால்வுய்யா. வலதுபக்கம் திருப்பினாத்தான் திறக்கும். மூடியைப் பாத்துட்டுத் திருப்புன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினாங்க. திறக்கிறதா நெனச்சு நான் இறுக்கிக்கிட்டு இருந்திருக்கேன்! பிடிய்யா அந்தப் பக்கம்!"

இரண்டு பேரும் சாவியில் தொங்கினார்கள். இரும்பு முனகியது, அசைந்தது. பிறகு காலுக்கடியில் திபுதிபுவென்று ஓர் ஓட்டம். மாடியில் யாரோ திறந்துவிட்டிருந்த குழாய் எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்தது. நர்ஸ் ஒருத்தி ஜன்னலில் எட்டிப்பார்த்து "வந்துடுச்சு!" என்று கத்தினாள். பெயிண்டர் அப்படியே தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

"எழுந்திருய்யா, சொன்னியே, அதுவே பெருசு," என்றார் வால்வுக்காரர்.

பத்து மணிக்கு மகளை உள்ளே கொண்டுபோனார்கள். அவரால் வாசலில் உட்கார முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துவந்தார். பன்னிரண்டு மணிக்கு மனைவி ஆள் விட்டுக் கூப்பிட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது, வெடிக்கல," என்றார். போன உயிர் திரும்பிவந்தது.

மாலையில் மகள் கண் விழித்து முதலில் பார்த்தது அப்பாவின் கைகளை.

"என்னப்பா இது, ரத்தமா?"

"பெயிண்டும்மா. கீழ மூடிக்கு அடிச்சேன்."

"ரெண்டு கோட்டா?"

"மூணு," என்றார் அவர். காலையிலிருந்து சிடுசிடுத்துக்கொண்டிருந்த மனைவி, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.