நாணயம் தெரியும்வரை

சொட்டு விழுந்த கணத்தில் சோதனைக் குழாய்க்குள் ஒரு ரோஜா நிறம் எட்டிப் பார்த்தது. பார்த்த வேகத்தில் ஓடியும்விட்டது.

“அத்தான், இப்ப ஏதோ நிறம் வந்துச்சே?” என்றாள் தங்கை.

“எங்க வந்துச்சு? வெறுந்தண்ணி மாதிரி நிக்குது பாரு.”

“வந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு.”

“உன் புடவை நிழலா இருக்கும். தள்ளி நில்லு டெய்லரம்மா.”

அத்தான் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஆயுள் முழுக்க மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்த மனிதர்; எதையாவது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதென்றால் அவர் முகமே வேறாகிவிடும். தண்ணீரில் குளோரின் இருந்தால் குழாயில் ரோஜா நிறம் நிற்க வேண்டும். நிற்கவில்லை.

“துளிகூட இல்ல. நேத்து அத்தனை போட்டேன், எல்லாத்தையும் முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்குது பாரு, களவாணித் தண்ணி.”

குளோரின் வாளியின் மூடியைத் திறந்து வெள்ளைத் தூளை அள்ளினார். வேறொரு வாளித் தண்ணீரில் கரைத்து, வீட்டுப் பின்புற நீச்சல்குளத்தின் ஓரமாகவே நடந்து ஊற்றிக்கொண்டு போனார். ஊற்றி முடித்ததும் நீல விரிப்பை இழுத்துக் குளத்தை மூடினார். தூசி விழக் கூடாதாம்.

அக்காவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்களில் குளத்தின் மோட்டாரைப் போட ஆளில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்த பிறகு திரும்பி வந்து பார்த்தால், தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. அத்தான் தூளைக் கொட்டிக் கொட்டிப் பச்சையை விரட்டிவிட்டார். ஆனால் தண்ணீர் தெளியவில்லை. சுண்ணாம்பு கலக்கியதுபோல வெளுத்து நின்றது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு தண்ணி இல்லை. குழாயும் கையுமாக அலைகிறார்.

அக்காவின் கட்டிலைப் பின்பக்க அறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். தங்கை உள்ளே போனபோது அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

“என்னவாம் உங்க அத்தானுக்கு? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு சோதிச்சுப் பாக்கல. வந்தார், சரின்னார், போயிட்டார்.”

“இன்னும் தெளியலையாம்.”

“ஒரே ஒரு தடவ இறக்கி விடச் சொல்லுடி.”

“சொல்றேன்.”

“நேத்தும் சொல்றேன்னுதான் சொன்ன.”

ரொட்டிக் கடைக் கல்லாவில் நின்றே தேய்ந்த கால்கள் அக்காவுடையவை. இந்தப் பழைய வீட்டை வாங்கியபோது, குளத்தில் மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்று அத்தான் சொன்னார். அக்கா ஒரே ஒரு தடவை அதில் இறங்கிப் பார்த்தாள். அதோடு மண் பேச்சு நின்றது. “தண்ணிக்குள்ள போனாத்தான்டி இந்த உடம்பு என் முதுகிலருந்து இறங்குது,” என்பாள்.

அவர்கள் இருவருக்குமாக ஒரு வழக்கம் இருந்தது. காலையில் அத்தான் ஆழமான பக்கத்தில் ஒரு நாணயத்தைப் போடுவார். தோளில் துண்டோடு அக்கா படியில் நின்று, “பூவா தலையா?” என்று கேட்பாள். கரையிலிருந்தே பார்த்து அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் தண்ணீர் சுத்தம், இறங்கலாம். இறங்குகிறவள் சும்மா இருக்க மாட்டாள். மூச்சடக்கிப் போய் அந்த நாணயத்தைக் கால்விரல்களால் கவ்வி எடுத்து வந்து அவர்மேல் எறிவாள். “தலைன்னீரே, பூதானே இருந்துச்சு, பொய்யாண்டி!” என்பாள். உண்மையில் அத்தான் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அவளுடைய துண்டு இப்போதும் குளத்தோரக் கொடியில்தான் கிடந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அவள் எடுக்காமல் விட்ட கடைசி நாணயமும் அந்த வெண்மைக்கு அடியில்தான் கிடந்தது.

தங்கை வெளியே வந்தாள்.

“அத்தான், தண்ணி எப்படி இருந்தா என்ன? தூக்கி இறக்கிடுவோம். நானும் பிடிச்சுக்கிறேன்.”

அவர் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் வெளுத்து, வெடித்து, தோல் உரிந்திருந்தது. “இது என் தோலு. எருமைத் தோலு. அவ தோலு வெங்காயச் சருகு மாதிரி கிடக்கு. இந்தத் தண்ணியிலயா இறக்கச் சொல்ற? நாளைக்குத் தெளிஞ்சிரும்.”

“அவளுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கா அத்தான்?”

அத்தான் கரண்டியைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தார். ஒட்டியிருந்தது ஒன்றுமில்லை. ஆனாலும் தட்டினார்.

தங்கை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

நீச்சல்குளச் சாமான் விற்கும் கடையில் ஒரு நடுத்தர வயது அம்மாள் இருந்தார். பாட்டிலைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தார். அதில் கொஞ்சம் எடுத்து, நிறையச் சாதாத் தண்ணீரில் கலந்து, அதில் சொட்டு மருந்தை விட்டார். பீட்ரூட் சாறுபோல அடர்ந்த சிவப்பு எழுந்து, அப்படியே நின்றது.

“அய்யோ, இன்னுமா குளோரின் போடுறாங்க? உடனே நிறுத்தச் சொல்லுங்க.”

“நிறமே வரலையேன்னுதான் போடுறார்.”

“அளவு மீறிப் போச்சுன்னா நிறம் நிக்காதும்மா. வந்த நிறத்தையே அது வெளுத்துப்புடும். பாக்கறவங்களுக்கு இல்லாத மாதிரிதான் தெரியும். பார்த்துப் பார்த்துச் செய்யறவங்கதான் இதுல மாட்டிக்குவாங்க. ஏனோதானோன்னு இருக்கறவன் ஒரு தடவையோட விட்ருவான்.”

“தெளிய எவ்வளவு நேரம் ஆகும்?”

“விரிப்பை எடுத்துட்டு வெயில் பட விடுங்க, மோட்டார் ஓடட்டும். ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும். குளோரினை உடனே குறைக்க ஒரு மருந்து உண்டு, இப்ப ஸ்டாக் இல்ல. என்ன அவசரம், பிள்ளைங்களுக்கு லீவா?”

“ஆமா,” என்றாள் தங்கை.

வண்டியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தாள். தையல்காரிக்குத் தெரியாததா? சரியில்லை சரியில்லை என்று வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் துணியே இருக்காது. ஆனால் அதை அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்காவின் குரல் கேட்டது. நூல்போல இருந்தது.

“பூவா தலையா?”

கட்டிலருகே இருந்த அத்தான் எழுந்தார். பின்கதவைத் திறந்துகொண்டு குளத்தருகே போனார். தங்கை கதவோரம் நின்று பார்த்தாள். விரிப்பை விலக்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முழங்காலில் குனிந்தார். அங்கிருந்து பார்த்தாலே தெரிந்தது, படிகூடக் கண்ணுக்குத் தெரியாத வெண்மை. அவர் குனிந்தது குனிந்தபடியே இருந்தார். பிறகு விரிப்பை ஒழுங்காக இழுத்து மூடிவிட்டு உள்ளே வந்தார்.

“தலை,” என்றார்.

அக்கா கண்ணை முழுசாகத் திறந்தாள். “நல்லாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுது.”

“அப்ப இறக்கி விடுங்க.”

அத்தான் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே சரிசெய்தார்.

“காத்து குளுருது. வெயில் ஏறட்டுமே.”

“வெயில்தான் ஏறிடுச்சே,” என்றாள் அக்கா. குறையாகச் சொல்லவில்லை, வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோலச் சொன்னாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் நீல விரிப்புதான் தெரியும்.

தங்கை சமையலறைக்குப் போய் ஒரு பேசினில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுவந்து, அக்காவின் கையை எடுத்து அதில் வைத்தாள்.

“இது பேசின்டி,” என்றாள் அக்கா. உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. தண்ணீர் ஆறிப்போய், மாற்ற வேண்டும் என்று தங்கை எழுந்தபோதுதான் மூச்சு நின்றிருப்பது தெரிந்தது.

அத்தான் அழவில்லை. பேசினிலிருந்து அந்தக் கையை எடுத்து, விரல் விரலாகத் துடைத்தார்.

அக்காவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும்வரை இரண்டு மூன்று நாள் அவளை ஐஸ் பெட்டியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் தங்கை இரண்டு வேலைகள் செய்தாள். விரிப்பைச் சுருட்டி மூலையில் வைத்தாள். குளோரின் வாளியைத் தன் வண்டிக்குக் கொண்டுபோய், தைக்க வைத்திருந்த துணிகளுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அத்தான் வாளியைத் தேட ஆரம்பித்தார். மோட்டார் அறை, மாடிப்படிக்கு அடி, குளியலறை என்று ஒரு இடம் விடவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பொண்டாட்டி கிடக்கா, இந்த மனுஷன் குளத்தைக் கட்டிக்கிட்டு அழறாரே,” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அழறதுக்கு எதையாவது கட்டிக்க வேண்டாமா?” என்றாள் தங்கை.

மகன் வந்து இறங்கி, அழுது ஓய்ந்து, “சித்தி, அப்பா என்ன தேடுறார்?” என்று கேட்டான்.

“விடுப்பா. தேடட்டும்.”

எடுத்துப் போகும் நேரம் நெருங்கியபோது அத்தான் அவளைத் தனியே பின்கதவருகே நிறுத்தினார்.

“அன்னைக்குத் தண்ணி எடுத்துட்டுப் போனியே. கடையில என்ன சொன்னாங்க?”

தங்கை அவர் கைகளைப் பார்த்தாள். “சொட்டு மருந்து பழசாயிடுச்சாம் அத்தான். அதான் நிறம் காட்டலையாம்.”

“அப்ப தண்ணியில குளோரின் இருந்துச்சா, இல்லையா?”

“அதை நான் கேக்கல.”

“இருந்திருக்காது.” தனக்குத்தானே தலையசைத்தார். “நான்தான் பயந்து பயந்து கம்மியாப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு கரண்டி தாராளமாப் போட்டிருந்தா தெளிஞ்சிருக்கும். அவ இறங்கியிருப்பா.”

தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்றது. “சித்தி!” என்று மகன் கூப்பிட்டான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனான். தங்கை பேசினைக் கழுவிக் கவிழ்த்தாள். பின்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

அத்தான் குளத்தோரம் மண்டியிட்டிருந்தார். கையில் குழாய். மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் காணவில்லை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அவ்வளவு தெளிவு. அடித்தளத்து ஓடுகளின் இடைக்கோடுகளைக்கூட எண்ணிவிடலாம் போலிருந்தது.

அவர் சொட்டை விட்டார். ரோஜா நிறம் எழுந்தது. இந்தத் தடவை ஓடவில்லை, நின்றது.

அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மற்றக் கையிலிருந்த சொட்டு மருந்துப் புட்டியைப் பார்த்தார்.

“இது அதே மருந்துதான்,” என்றார்.

தங்கை ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

“அதுக்கப்புறம் நான் ஒண்ணும் போடலையே.” மூலையில் சுருட்டி வைத்திருந்த விரிப்பின்மேல் அவர் பார்வை போய் நின்றது. “அதை யார் எடுத்தா?”

“நான்தான். கொஞ்சம் வெயில் படட்டும்னு.”

“கடையில சொன்னாங்களா?”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“ம்,” என்றார் அத்தான், அவள் பதில் சொல்லிவிட்டதுபோல. குழாயைக் கவிழ்த்தார். வழக்கம்போல நன்றாக அலசினார். தண்ணீர் வடியட்டும் என்று சுவரில் தலைகீழாக வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் கரையில் ஊன்றி, ஆழமான பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அங்கே அந்த நாணயம் கிடந்தது. மேலே அலை அசையும்போது அதுவும் அசைவதுபோலிருந்தது.

“பூ,” என்றார்.

தங்கை கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். காய்ந்து விறைத்துப் போயிருந்த அது, மடிப்புக்குப் படியவே இல்லை.