சான் ஹோசேக்குப் போகாதவள்

"டப்!"

லண்டன் ஹவுன்ஸ்லோ தேவாலய மண்டபத்தில் ஸ்லைடு காட்டும் கருவியின் பல்ப் வெடித்தது. திரையில் நின்ற டெக்சஸ் தேவாலயம் காணாமல் போய், எங்கும் இருட்டு.

"எட்வேட் அண்ணை, டெக்சஸ் வெக்கையைப் பெட்டிக்குள்ளை வைச்சே கொண்டு வந்தனீங்கள்?" என்றான் பீற்றர். கூட்டம் சிரித்தது. யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"வேறை பல்ப் இருக்கு. பத்து நிமிஷம் தாருங்கோ. அதுக்கிடையிலை தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று எட்வேட் மேடையை விட்டு இறங்கினார். நடையில் ஒரு மிடுக்கு. தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்தின் தலைவர் அல்லவா? 1990 கோடையில் பதினொரு பேரை அழைத்துக்கொண்டு போய், டெக்சஸின் சான் அந்தோனியோ நகரில் உள்ள பழைய ஸ்பானிய மிஷன் தேவாலயங்களைக் காட்டிவிட்டு வந்தவர்.

அவர் மனைவி டொலறஸ் கடைசி வரிசையை விட்டு எழவில்லை. அரை மணி நேரமாகக் கணவர் பேசியதெல்லாம் அவள் எழுதியது. சான் ஹோசே மிஷனின் கூரை இடிந்து விழுந்ததும், அறுபது வருஷம் கழித்து அதைத் திரும்பக் கட்டியதும், எஸ்பாடா மிஷனின் கல் வாய்க்காலில் இருநூற்றைம்பது வருஷமாகத் தண்ணீர் ஓடுவதும் அவளுடைய வரிகள். "கட்டுவித்த பாதிரிமாரைத் தெரியும், கல் சுமந்த பழங்குடிகளை யாருக்குத் தெரியும்?" என்று அவர் கேட்டபோது கூட்டம் கைதட்டியது. அதுவும் அவளுடையதுதான்.

யாழ்ப்பாணத்து இளவாலையில் சரித்திரம் படிப்பித்தவள் அவள். ஹீத்ரோ விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் ஷிப்ட் முடிந்த கையோடு நூலகத்துக்கு ஓடி, இரண்டு குளிர்காலம் படித்து, ஒரு கொப்பி நிறைய எழுதினாள். அந்தப் பயணமே அவளுடைய யோசனை. ஆனால் எட்வேட்டிடம் அமெரிக்க விசா தேவைப்படாத பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அவளிடம் இலங்கைப் பாஸ்போர்ட்; விசா விண்ணப்பத்தைத் தானே அனுப்புவதாக அவர் வாங்கிக்கொண்டு போனார். "உமக்கு விசா இல்லையாம்" என்று அவர் வந்து சொன்னபோது, அன்று முழுக்க அழுதாள். பிறகு கொப்பியைத் தானே அவர் பெட்டிக்குள் வைத்தாள். "எனக்கும் சேர்த்துப் பாத்திட்டு வாங்கோ" என்றாள்.

இன்றைக்கு அவர் மூன்று தரம் "நான் ஆராய்ஞ்ச அளவிலை" என்று சொன்னபோதுதான் சுருக்கென்றது.

பயணம் போனவர்களில் ஒருத்தியான சுலோச்சனா தேநீரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நெஞ்சு நோ இப்ப எப்பிடி?"

"எனக்கு என்ன நெஞ்சு நோ?"

"ஐயோ, எங்களுக்கு ஒளிக்காதேங்கோ! பிளேனிலை ஏறக்கூடாதெண்டு டொக்டர் மறிச்சவராம். அண்ணை சொன்னவர். சான் ஹோசேயிலை உங்களுக்காக எல்லாரும் முழந்தாளிலை நிண்டு செபிச்சனாங்கள்."

டொலறஸ் அவளையே பார்த்தாள். "எனக்கு விசா கிடைக்கேல்லை, சுலோச்சனா. இலங்கைப் பாஸ்போர்ட்டெல்லோ."

"என்ரையும் அதுதானே! ஒரு கிழமையிலை குத்தித் தந்தவங்கள்."

டொலறஸ் எழுந்தாள். விசா மறுத்த கடிதம் என்று ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. கேட்கவும் இல்லை. கட்டின புருஷனிடம் யார் கடிதம் கேட்பார்கள்?

பின்னறையில் எட்வேட் அலுமாரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ரை விசா விண்ணப்பத்தை அனுப்பினீங்களோ?"

அவர் திரும்பவில்லை. "இப்ப கேக்கிற கேள்வியே இது? சனம் காத்துக்கொண்டிருக்கு."

"சனம் தேத்தண்ணி குடிக்குது. அனுப்பினீங்களோ, இல்லையோ?"

"அடுத்த வருஷம் உம்மைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போறன்."

"ஓமோ, இல்லையோ?"

"இல்லை."

டொலறஸ் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் வந்தால் உங்களுக்கு வெக்கமோ?"

"சீ! என்ன கதை இது?"

"அப்ப ஏன்? நல்லா இருக்கிற என்னை நெஞ்சு வருத்தக்காரியாக்கி, அந்தச் சனத்தை முழந்தாளிலை இருத்திச் செபிக்கவும் விட்டிருக்கிறீங்கள். நீங்களும் அவையோடை முழந்தாளிலை நிண்டனீங்களோ?"

மண்டபத்திலிருந்து பீற்றரின் குரல் கேட்டது: "அண்ணை, பல்ப் கிடைச்சுதோ?"

எட்வேட் எட்டிக் கதவைச் சாத்தினார். குரல் தாழ்ந்தது.

"நீர் வந்திருந்தால் என்னட்டை ஆர் கேள்வி கேட்டிருப்பினம்? எல்லாரும் உம்மட்டையெல்லோ கேட்டிருப்பினம்!"