புளியமரத்துக்குக் கிழக்கே

நிர்மலாதேவி ஸ்பேஸ்பாரைத் தட்டினாள். பதினாறு பிட் கார்டு என்ற வரிக்கு முன்னால் காலியாக இருந்த கட்டத்துக்குள் ஒரு நட்சத்திரக் குறி விழுந்தது. நேற்று முப்பத்திரண்டு பிட்டுக்கு மட்டும் குறி போட்டுவிட்டு இந்த ஒரு வரியை விட்டிருந்தாள். அதில் ஒரு பகல் முழுக்கப் பாழ். இப்போது வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்தால், நேற்றுத் தலைகீழாக நின்று தேடியும் அகப்படாத வரி, கார்டை ஹார்ட் டிஸ்க் மாதிரிப் படிக்கவைக்கும் வரி, அங்கே ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது. அதற்கும் குறி போட்டாள். சேமித்துவிட்டு வெளியே வந்து கட்டளையைக் கொடுத்தாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் மேல்நோக்கி ஓட ஆரம்பித்தன.

"வந்துடுச்சா?" என்றார் அவள் கணவர் பூவரசன், கட்டிலில் இருந்து. கண்ணைத் திறக்கவில்லை.

"ஓடுதுங்க. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும்."

"மத்தியானமா..."

ஈரல் கெட்டு வயிறு ஊதி, கண்ணும் நகமும் மஞ்சளாகிக் கிடந்தவரை ஆஸ்பத்திரியில் 'வூட்டுல வச்சுப் பாத்துக்குங்க' என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அன்று ஆட்டோவில் வரும்போதே அவர் கேட்டது இந்தக் கார்டைத்தான்.

மாரண்டஹள்ளியைச் சுற்றி இருபது வருடமாக மிஷின் வைத்துத் தண்ணீர் பார்த்தவர் பூவரசன். நாலு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து மின்சாரம் விட்டு, எத்தனை அடிவரை மண், எத்தனை அடியில் பாறை, எங்கே போர் போடலாம் என்று சொல்லுவார். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய மிஷின் அது. அளந்ததையெல்லாம் சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு கார்டில்தான் எழுதும். அந்தக் கார்டு இந்தப் பழைய லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் மட்டும்தான் போகும். போன வருடம் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் செத்தது. பழைய விண்டோஸ் சிடி கீறல் விழுந்து பாதியில் நின்றுவிட்டது. மாற்று டிஸ்க்கில் நிர்மலா லினக்ஸ் போட்டுக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்தவள், இப்போது பஸ் ஸ்டாண்ட் அருகில் இ-சேவை மையம் வைத்திருப்பவள். ஆனால் புதிதாகப் போட்டதற்கு இந்தப் பழைய கார்டு என்றால் என்னவென்றே தெரியவில்லை. இந்தக் காலத்தில் யார் இதை வைத்திருக்கப்போகிறார்கள் என்று அதைச் செய்தவர்கள் அந்தப் பகுதியையே விட்டுவிட்டார்கள். அதைச் சேர்த்து, கெர்னல் என்கிற அடிப்பகுதியையே இங்கே புதிதாகக் கட்டி எடுக்க வேண்டும். பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்து, கட்டில் காலடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மூன்று நாளாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

எல்லாம் காளியப்பனுக்காக. பூவரசனின் அண்ணன். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் நிலத்தில் பூவரசன்தான் அளந்து முளைக்குச்சி அடித்தார். ஆயிரத்து நூறு அடி போனது போர். புகைதான் வந்தது. மல்பெரித் தோட்டம் காய்ந்தது, பட்டுப்புழு வளர்ப்பு நின்றது. "நான் மேக்கால வேலியோரம் குச்சி அடிச்சேன். போர் வண்டி போகாதுன்னு அண்ணன் அதப் புடுங்கிப் புளியமரத்துக்குக் கெழக்க நட்டுட்டாரு" என்று பூவரசன் டீக்கடையில் சொன்னார். காளியப்பன் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணி, குச்சியைத் தொடவே இல்லை என்றார். அதிலிருந்து பேச்சு நின்றது. பூவரசனை அளக்கக் கூப்பிடுவதும் மெல்ல நின்றது. குடி அதற்குப் பிறகு வந்தது.

"கார்டுல இருக்குது நிர்மலா. தேதியோட இருக்குது. அத அவருகிட்டக் காட்டிட்டாப் போதும்" என்பார். பத்து முறையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

ஒன்பது மணிக்குச் சுகுணா கஞ்சி கொண்டுவந்தாள். பூவரசனின் தங்கை. காரிமங்கலத்திலிருந்து வந்து இரண்டு நாளாக இங்கேயே இருந்தாள். ஸ்பூனால் கொடுத்த கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டுத் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. நிர்மலா நாற்காலியில் முன்னால் குனிந்தாள். நேற்றுப்போல இதுவும் வீணாகிவிடுமோ? வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். பிரிண்ட் காகிதத்தைப் புரட்டினாள். ஏழாவது பக்கத்தில் அந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று போட்டிருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். எழுத்துகள் மறுபடி ஓடின. ஓடுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

சுகுணா கட்டிலருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவளுடைய கை பூவரசனின் பாதத்தின்மேல் இருந்தது.

"அண்ணி, இங்க பாரு... சில்லுனு இருக்குது."

நிர்மலா எழுந்தாள். மடியிலிருந்த காகிதங்கள் சரிந்தன. அவர் முகம் அவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. கஞ்சிக்குப் பிறகு சுவரைப் பார்த்தல்லவா படுத்திருந்தார்? எப்போது திரும்பினார்? கூப்பிட்டாரா? கண் கால்வாசி திறந்திருந்தது.

"நீ இங்கதான இருந்த?" என்றாள் சுகுணா. குற்றமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"இங்கதான் இருந்தேன்" என்றாள் நிர்மலா.

பிறகு வீடு வீடாக இல்லை. கட்டிலை வெளியே எடுத்தார்கள். ஐஸ் பெட்டி வந்தது, பந்தல்காரர்கள் வந்தார்கள், தெருப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ லேப்டாப்பை அப்படியே தூக்கி உள்ளறையில் அரிசி மூட்டைமேல் வைத்து, ஒயரையும் மறக்காமல் அங்கிருந்த பிளக்கில் சொருகியிருந்தார்கள். நிர்மலாவுக்கு அழுகை வரவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கம் நீர் பூத்து முகம் மறைந்தது. கையால் துடைத்தாள். வெளிப்பக்கம் துடைத்து என்ன பயன்?

"பெரியவருக்குச் சொல்லியாச்சா?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"சொல்லியாச்சு" என்றாள் சுகுணா. "அப்பா அம்மாவப் பொதச்ச எடத்துக்குப் பக்கத்துலயே வைக்கலாம்னாரு. ஆளக் கூட்டிட்டு நெலத்துக்குப் போயிட்டாரு."

"இங்க வரலியா?"

சுகுணா ஐஸ் பெட்டியின் ஒயரைச் சுவரோரம் தள்ளிவிட்டாள்.

இரண்டு மணிக்குமேல், ஆதார் கார்டு வேண்டுமென்று யாரோ கேட்டதால் நிர்மலா உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்தியதும் விசிறிச் சத்தம் கேட்டது. லேப்டாப்பின் விசிறி. திரையில் எழுத்துகள் நின்றிருந்தன. பிழை இல்லாமல் முடிந்திருந்தது.

அவள் ஆதாரை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு அரிசி மூட்டைக்கு முன்னால் மண்டியிட்டாள். ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அடுத்த கட்டளையைக் கொடுத்தாள், அதற்கடுத்ததையும் கொடுத்தாள். லேப்டாப்பை நிறுத்தி மறுபடி துவக்கினாள். பீரோவிலிருந்து கார்டை எடுத்து, உறை நீக்கி, துளைக்குள் தள்ளினாள். டக்கென்று உட்கார்ந்தது. ஸ்பீக்கரில் மெல்லிய இரண்டு ஒலி கேட்டது. திரையில் ஒரு கோப்புறை தோன்றியது.

உள்ளே ஊர்ப்பெயர்களாக இருந்தன. 'அண்ணன் நிலம்' என்று ஒன்று இருந்தது. அதில் எண்களாக நிறைந்த மூன்று கோப்பு, அவர் கைப்பட அடித்த ஒரு குறிப்பு. தேதி சரியாக இருந்தது.

'1. மேற்கு வேலி. மூன்றடியில் பாறை. போடவே கூடாது.

2. பழைய கிணற்றோரம். சுமார்.

3. புளியமரத்துக்குக் கிழக்கே 42 அடி. பதினேழு அடி மண். இதுதான் பாயிண்ட். குச்சி அடித்தாச்சு.'

இரண்டாம் முறை படித்தாள். கோப்பை மூடித் திறந்து மறுபடி படித்தாள். 'குச்சி அடித்தாச்சு.' வெளியே புதிதாக வந்த யாரோ பெரிதாக ஓலமிட்டார்கள். காலையில் 'வந்துடுச்சா' என்று கேட்ட குரலை நினைத்துப் பார்த்தாள். அது ஆசையில் கேட்டதா, பயத்தில் கேட்டதா? இவ்வளவு நாள் தெரிந்தே சொன்னாரா, சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரா?

கார்டை வெளியே இழுக்கலாம். இழுத்துக் காலடியில் போட்டு மிதித்தால் முடிந்தது. கையை அதன்மேல் வைத்திருந்தபோதுதான் போன் அடித்தது. மூன்று வருடமாக அந்தப் பெயர் திரையில் வந்ததில்லை.

"நிர்மலா. நான்தாம்மா."

"சொல்லுங்க மாமா."

காளியப்பனுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் கடப்பாரை கல்லில் படும் கணீர் சத்தம். "குழி எறங்க மாட்டேங்குது. மூணடி வந்தோம், அடியில சட்டிப் பாறை. தள்ளித் தோண்டுனோம், அங்கியும் அப்படித்தான். பாறை ஒடைக்கற கம்ப்ரசர் வண்டிக்காரன் நாளைக்குத்தான் வருவேங்கறான்."

"ம்."

"சுகுணா சொன்னா. மூணு நாளா நீ எதோ கார்டு தொறக்கறேன்னு." நிறுத்தினார். "தொறந்துச்சாம்மா?"

நிர்மலா திரையைப் பார்த்தாள்.

"அதுல எங்க மண்ணு ஆழம்னு போட்டிருப்பானே. அதச் சொல்லு. பொழுது எறங்கறதுக்குள்ள முடிக்கணும். ரெண்டு நாள் போட்டு வைக்கற ஒடம்பா அது?"

ஒடம்பு என்று சொல்லும்போது அவர் குரல் சற்றே கம்மியது. நிர்மலா குறிப்பின் இரண்டாம் வரியில் விரலை வைத்தாள். கிணற்றோரம் என்று சொல்லலாமா? 'சுமார்' என்றுதான் இருந்தது. அங்கேயும் பாறை வந்தால்?

"புளியமரத்துக்குக் கெழக்கங்க மாமா. நாப்பத்திரண்டு அடி. பதினேழு அடி மண்ணு."

மறுமுனையில் கடப்பாரைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"அது போர் போட்ட எடமாச்சே" என்றார் காளியப்பன்.

"ஆமாங்க மாமா."

"அவனே எழுதுனதா?"

"அவருதான் எழுதியிருக்கிறாரு. குச்சி அடிச்சாச்சுன்னு."

இப்போது கடப்பாரையும் நின்றிருந்தது. அவர் திட்டுவார், இல்லை அழுவார் என்று காத்திருந்தாள். சூடம் அணைத்த கை அது. மூன்று வருடம் ஊருக்குள் பொய்யனாக நடந்த கால். ஏதாவது சொல்லத்தான் வேண்டும். அவர் சொல்ல வேண்டும், அல்லது அவளாவது சொல்ல வேண்டும்.

"மாமா, அவரு..."

"யார்கிட்டயும் சொன்னியா?"

"இல்லீங்க."

"சொல்லாத." பிறகு ஆட்களை நோக்கிக் குரல் தூரமாகப் போனது. "டேய், வாங்கடா இந்தப் பக்கம். போர்க் கொழாய்க்கு நாலடி தள்ளி."

போனை அவர் அணைக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார் போலும். துணி உரசும் சத்தம் வந்தது, செருப்பு சருகை மிதிக்கும் சத்தம் வந்தது. யாரோ மரத்திலிருந்து அடிகளை எண்ணினார்கள். பிறகு முதல் கடப்பாரை விழுந்தது. கணீரென்று வரவில்லை. சதக்கென்று இறங்கியது. மண்வெட்டி வழித்தது. மறுபடி சதக்.

கதவைத் தட்டினார்கள். "அண்ணி, ஆதார் கெடச்சுதா?" என்று சுகுணா கேட்டாள். நிர்மலா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள். அங்கே மண் தளர்வாக, சிரமமில்லாமல், வெட்ட வெட்ட வந்துகொண்டிருந்தது.